“மைதாங்க, கோதுமை இல்லைங்க”: சீலியாக் உள்ள குழந்தையை ஹோட்டலுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். எங்கள் ஒன்பது வயது மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) என்று நான்கு மாதங்களுக்கு முன் ரத்தப் பரிசோதனையிலும் எண்டோஸ்கோப்பியிலும் உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து சப்பாத்தி, பரோட்டா, பிரெட், பிஸ்கட் எல்லாம் நிறுத்திவிட்டோம். வாரம் ஒருமுறை ஹோட்டலில் இட்லி, தோசை மட்டும் வாங்கிக் கொடுப்போம். 200-க்கு மேல் இருந்த டி.டி.ஜி. அளவு (இந்த நோய்க்காக ரத்தத்தில் பார்ப்பது) இப்போது 90. இன்னும் ஏன் முழுதாக இறங்கவில்லை? ஒரு வாட்ஸ்அப் குழுவில் ‘குளூட்டன் ஃப்ரீ’ மாவு கிலோ 420 ரூபாய்க்கு விற்கிறார்கள். வெளியே சாப்பிடும் முன் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரையும் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் கொஞ்சம் நிம்மதியாக இருங்கள் அம்மா. நான்கே மாதத்தில் 200-க்கு மேலிருந்து 90-க்கு வந்திருக்கிறது என்றால் உங்கள் வீட்டில் பெரும்பகுதி சரியாகத்தான் நடக்கிறது. இந்த அளவு மெதுவாகத்தான் இறங்கும். பல குழந்தைகளுக்கு ஒரு வருடம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மாவு வேண்டாம். மாத்திரை நிச்சயம் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். அதற்கு முன் அந்த வாராந்திர ஹோட்டலைப் பார்ப்போம்.

பரோட்டா மாவு அறுந்துபோகாமல் வீசி இழுக்க வருகிறதே, அந்த இழுவையைத் தரும் புரதம்தான் குளூட்டன். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கிறது. அரிசியில் இல்லை, உளுந்தில் இல்லை, ராகி, கம்பு, சோளத்தில் இல்லை. அப்படிப் பார்த்தால் நம் சமையலில் முக்கால்வாசி உங்கள் மகளுக்கு ஏற்றதுதான். பஞ்சாபில் ஒரு தாய்க்கு இருக்கும் கஷ்டத்தில் கால் பங்குகூட உங்களுக்கு இல்லை. ஆனால் எவ்வளவு குறைவாகப் போனாலும் குடல் கணக்கு வைத்துக்கொள்கிறது என்பதுதான் பிரச்சினை. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன், மூன்று மாதம் தொடர்ந்தால் குடலின் உட்சுவர் கெடும் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 50 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய அரை கிராம் மைதா. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை.

அந்தச் சிட்டிகை ஹோட்டலில் எங்கிருந்து வருகிறது? தோசைக்கல்லில் இருந்து. அடுத்த முறை போகும்போது மாஸ்டர் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு சப்பாத்தி போடுவார். மேலே தூவிய மாவு கல்லில் கருகி ஒட்டியிருக்கும். ஒரு கை தண்ணீர் தெளிப்பார், தென்னந்துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுப்பார், அதே கல்லில் உங்கள் மகளின் தோசையை ஊற்றுவார். அடுத்து ரவா தோசை, அதற்கடுத்து கோதுமை தோசை. அந்தத் துடைப்பம் எல்லாவற்றையும் தொட்டுத்தான் வரும். மாஸ்டர் மேல் தப்பில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் சுடுகிறார். உங்கள் மகள் மட்டும்தான் அதைச் சாப்பிடக் கூடாது. எண்ணெய்ச் சட்டியும் இதே கதைதான். உளுந்து வடை சுத்தமான பண்டம். ஆனால் சமோசாவும் பூரியும் பொரிந்த எண்ணெயில் அது வெந்தால் வேறு பண்டம்.

கேட்டுவிட்டு வாங்கினோம் என்பீர்கள். என்ன கேட்டீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “குளூட்டன் இருக்கா?” என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு நம்மூர் ஹோட்டலில் பதில் கிடையாது. சீலியாக் வட இந்தியாவில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இருக்கிறது, தெற்கில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே குறைவு. “கோதுமை இருக்கா?” என்பதும் போதாது. என்னிடம் வரும் ஒரு பையனின் அப்பா, ஒரு கடையில் காலிஃபிளவர் சில்லியைக் காட்டி இப்படித்தான் கேட்டிருக்கிறார். “கோதுமையே சேர்க்கறதில்லைங்க, மைதாதாங்க” என்று நல்ல மனதோடு பதில் வந்திருக்கிறது. மைதா மரவள்ளிக்கிழங்கில் இருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள். ரவை தனித் தானியம் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். மைதா, ரவை, சேமியா மூன்றும் கோதுமைதான். எனவே பெயர் சொல்லிக் கேளுங்கள்: “மைதா, ரவை, கோதுமை மாவு, இதில் ஏதாவது ஒரு துளி இருந்தாலும் பாப்பாவுக்கு உடம்புக்கு ஆகாது. இதில் இருக்கா?” ‘அலர்ஜி’ என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள் என்றால் அந்தச் சொல்லையே சொல்லுங்கள். மருத்துவப்படி அது சரியான சொல் இல்லைதான். இருக்கட்டும்.

சரி, அப்படியானால் என்னதான் சாப்பிடலாம்? வேகவைத்த இட்லி. ஆவியில் வெந்த சந்தகை (இடியாப்பம் மாதிரி), அரிசி மாவில் வேறு எதுவும் கலக்கவில்லை என்று கடைக்காரர் உறுதி சொன்னால். வெறும் சோறு, தயிர், வாழைப்பழம், இளநீர். தொட்டுக்கொள்ள வீட்டில் செய்த இட்லிப்பொடியையும் ஒரு குட்டி பாட்டிலில் நல்லெண்ணெயையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலை கடை திறந்தவுடன், இட்லி மட்டும் விற்கும் சின்னக் கடைக்குப் போவது இருபது வகை தோசை போடும் பெரிய ஏ.சி. ஹோட்டலைவிடப் பாதுகாப்பு. வட இந்திய, சைனீஸ் பக்கமே வேண்டாம். பெரும்பாலான சோயா சாஸிலேயே கோதுமை இருக்கிறது. தோசையை வீட்டில், அவளுக்கென்று வைத்த கல்லில் சுட்டுக் கொடுங்கள்.

சாம்பாரை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். பெருங்காயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நோய் உறுதியான நாளில் கையில் கொடுக்கும் காகிதத்தில் இது பெரும்பாலும் இருப்பதில்லை. பெருங்காயம் ஒரு செடியின் பிசின். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருகிறது. அப்படியே போட்டால் நெடி தாங்காது என்பதால் மாவும் வேலம் பிசினும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அதுதான் டப்பாவில் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று இருப்பது. சேர்க்கும் மாவு பல கம்பெனிகளில் மைதா, சிலவற்றில் அரிசி மாவு, சிலவற்றில் இரண்டும். தூளில்தான் மாவு இருக்கும், கட்டியில் இருக்காது என்று பலர் சொல்வார்கள். தப்பு. கட்டிப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் மைதா உண்டு. ஒரே கம்பெனியின் இரண்டு வகை டப்பாவில் ஒன்றில் மைதாவும் இன்னொன்றில் அரிசி மாவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ‘இந்த பிராண்ட் நல்லது’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் சொன்னாலும்கூட. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தை ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். ‘ரைஸ் ஃப்ளோர்’ மட்டும் இருந்து, ‘வீட்’ என்ற சொல் எங்குமே இல்லை என்றால் வாங்கலாம். கலப்பில்லாத பால் பெருங்காயம் கிடைத்தால் வாங்கி, கடுகளவு கிள்ளிப் போடுங்கள். அதுவும் தெரிந்த கடையில், கம்பெனி சீல் உடையாத டப்பாவாக. சில்லறையாக வெட்டிப் பொட்டலம் கட்டித் தருவது வேண்டாம்.

ஒரு சாம்பார் கரண்டியில் எவ்வளவு பெருங்காயம் வந்துவிடும் என்று உங்கள் மாமியார் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருநாள் சாம்பாரால் குடல் போய்விடாது. ஆனால் நாம் காலையில் சாம்பார், மதியம் சாம்பார், அப்புறம் ரசம், மோர், தொட்டுக்க ஊறுகாய், இரவு இட்லிப்பொடி என்று சாப்பிடுகிற ஆட்கள். எல்லாவற்றிலும் பெருங்காயம். கடையில் வாங்கும் சாம்பார் பொடி, ரசப்பொடி, ஊறுகாய் பலவற்றின் பட்டியலிலும் கூட்டுப் பெருங்காயம் இருக்கும். 90-இல் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறதா என்று உங்கள் டப்பாவைத்தான் கேட்க வேண்டும். நான்கு மாதமாக அதை யாரும் உங்களைப் பார்க்கச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கடையில் வாங்குவதில் பெரிய பொறி ‘சம்பா’. சம்பா கோதுமை பழைய ரகம், அதில் குளூட்டன் கிடையாது என்று இயற்கை அங்காடிகளில் சொல்லி விற்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் ஆறு மாதம் அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு, ரத்தத்தில் இரும்புச்சத்து ஏறவே இல்லை என்று வந்தார். சம்பா கோதுமையும் கோதுமைதான், குளூட்டன் நிறையவே இருக்கிறது. சீரகச் சம்பா அரிசி வேறு, சம்பா ரவை வேறு. முதலாவது சாப்பிடலாம், இரண்டாவதைத் தொடக் கூடாது. அடுத்த பொறி சிறுதானியம் என்ற பெயர். ராகி பிஸ்கட், தினை நூடுல்ஸ், ராகி சேமியா என்று அட்டையில் பெரிதாக இருக்கும், பின்னால் முதல் பொருளாக மைதாவோ கோதுமையோ இருக்கும். சத்து மாவில் கோதுமை, பார்லி இரண்டும் வரும். பாலில் கலக்கும் மால்ட் பானங்கள் வேண்டாம், மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. ஓட்ஸ் வேண்டாம். பாக்கெட்டின் பின்னால் பட்டியலுக்குக் கீழே ‘கன்டெய்ன்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும், கோதுமை சேர்த்திருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். முதலில் அந்த வரியைப் பாருங்கள். ‘மே கன்டெய்ன் வீட்’ என்றிருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

அந்த 420 ரூபாய் மாவுக்கு வருகிறேன். நம் நாட்டு விதிப்படி ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுத ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. இவர்கள் ஆதாரமாகக் காட்டுவது என்ன? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று போட்ட 14 இலக்க எண். அது உணவு விற்க வாங்கும் உரிம எண், முறுக்குப் பாக்கெட்டிலும் இருக்கும். குளூட்டன் இல்லை என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. “இந்த பேட்ச் மாவுக்கு ஆய்வக அறிக்கை அனுப்புங்கள்” என்று குழுவில் ஒரே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உண்மையாகத் தொழில் செய்பவர் அனுப்புவார். மற்றவர்கள் உங்களைக் குழுவில் இருந்து நீக்குவார்கள். மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கோதுமையைச் சாப்பிட்டுவிட்டுத் தப்பிக்க உதவும் மாத்திரை என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது இன்று ஒன்றுகூட இல்லை. அதை நம்பி ஒரு குழந்தை கல்யாணப் பந்தியில் பூரி சாப்பிடும். வலி வராவிட்டாலும் உள்ளே குடல் புண்ணாகும். பயந்துபோன தாயிடம் மாதாமாதம் பணம் பறிப்பவர்களை ஆலோசகர்கள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாவுக்குப் பதில் என்ன செய்வது? முழு ராகி, சோளம், பச்சரிசி வாங்குங்கள். தட்டில் பரப்பிக் கோதுமை மணி கலந்திருந்தால் பொறுக்குங்கள், கழுவிக் காயவையுங்கள். மாவு மில்லுக்குக் கொண்டு போகாதீர்கள். மெஷின் வாயைப் பாருங்கள், முன்னால் நின்றவரின் கோதுமை மாவு அங்கே வெள்ளையாகப் படிந்திருக்கும். “கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டிட்டேங்க” என்பார், அது போதாது. கொஞ்சம் கொஞ்சமாக வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள், சல்லடை புதிதாக வாங்குங்கள். அடிக்கடி தேவையென்றால் சீலியாக் உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து சின்ன மாவரைக்கும் மெஷின் ஒன்று வாங்கலாம். சில மாதங்களில் அந்தச் செலவு திரும்பிவிடும்.

பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள், ஒவ்வாமை தரும் பொருள்கள் எந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என 2020-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. நம்மூரில் எத்தனை மெனு கார்டில் பார்த்திருக்கிறீர்கள்? நான் கேட்ட இடங்களில் மேனேஜருக்கே தெரியவில்லை. அரசுப் பள்ளிக் காலை உணவில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் வருகின்றன. அரிசிப் பொங்கல் அன்று என் பிள்ளைக்கு வேறு கரண்டி வையுங்கள் என்று கேட்கக்கூட இடமில்லாமல் பல பெற்றோர்கள் நிற்கிறார்கள். மகள் அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவர் சீட்டின் நகலோடு தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், காலை உணவை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். வாயால் சொன்னது ஆசிரியர் மாறினால் போய்விடும்.

இவளுக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் டி.டி.ஜி. பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் கோதுமையை நிறுத்தியிருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் காட்டாமல் போகலாம். மகளின் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு பெருங்காய டப்பாவையும், ஊறுகாய் பாட்டிலையும், சாம்பார் பொடிப் பாக்கெட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டயட்டீஷியன் மேசையில் வையுங்கள்.