டாஸில் தோற்றாலே ஆட்டம் போச்சா? ஓவர்டைம் விதியை எப்படி எழுதுவது

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். எங்கள் பகுதி சிறுவர் ஃபிளாக் ஃபுட்பால் (ஆளைச் சாய்க்காமல், இடுப்பில் தொங்கும் துணியைப் பறித்துத் தடுக்கும் அமெரிக்க ஃபுட்பால்) லீக்கின் விதிக் குழுவில் நானும் இருக்கிறேன். ஆட்டம் சமனானால் டாஸ் போடுவோம். ஜெயித்த அணிக்குப் பந்து, யார் முதலில் பாயின்ட் எடுத்தாலும் அத்தோடு ஆட்டம் முடிந்தது. போன சீசன் இறுதிப் போட்டியில் ஒரு அணிப் பிள்ளைகள் ஓவர்டைமில், அதாவது அந்தக் கூடுதல் ஆட்டத்தில், பந்தைத் தொடாமலே தோற்றார்கள். பெற்றோர்களுக்குள் பெரிய சண்டை. ‘தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லிலேயே இப்படித்தான்’ என்கிறார்கள் சிலர். ‘அங்கேயே எப்போதோ மாற்றிவிட்டார்கள்’ என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? எங்களுக்கு எந்த விதி பொருந்தும்? மைதானம் ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், எங்கள் ஆட்டத்தில் உதையும் கிடையாது.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆண்டுதான் வேறு. 1974-ல் என்எஃப்எல் லீக் ஆட்டங்களுக்கு ஓவர்டைம் வந்தபோது உங்கள் விதிதான் அங்கும் இருந்தது. முதல் பாயின்ட்டோடு கதை முடியும், இதைத்தான் சடன் டெத் என்பார்கள். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார்கள். 2010 மார்ச்சில் பிளேஆஃப் (சீசன் கடைசி நாக்அவுட்) ஆட்டங்களுக்கும் 2012-ல் லீக் ஆட்டங்களுக்கும் ஒரு திருத்தம் வந்தது: முதல் அணி ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 பாயின்ட்) மட்டும் அடித்தால் எதிரணிக்கும் பந்தோடு தாக்க ஒரு வாய்ப்பு உண்டு, டச்டவுன் (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி 6 பாயின்ட்) போட்டால் கிடையாது. 2022-ல் பிளேஆஃபில், டச்டவுனே போட்டாலும் எதிரணிக்குப் பந்து உண்டு என்றார்கள். 2025-ல் அதையே லீக் ஆட்டங்களுக்கும் நீட்டிவிட்டார்கள். ஆக, உங்கள் லீக் இப்போது பின்பற்றுவது என்எஃப்எல் கைவிட்டுப் பல வருடமான விதி.

ஆனால் ‘அவர்கள் மாற்றினார்கள், நாமும் மாற்றுவோம்’ என்று மட்டும் சொன்னால் உங்கள் குழுவில் எடுபடாது. ‘தடுத்து ஆடுவதும் ஆட்டம்தானே, தடுத்திருக்கலாமே’ என்று யாராவது கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. டாஸில் ஜெயித்த கேப்டன் எதைக் கேட்பார் என்பது அவர் வாயைத் திறக்கும் முன்பே எல்லோருக்கும் தெரிகிறதா? தெரிகிறது என்றால் விதி கோணலாக இருக்கிறது. தடுப்பதும் தாக்குவதும் உண்மையிலேயே சமம் என்றால் பாதிப் பேராவது ‘நாங்கள் தடுக்கிறோம்’ என்று சொல்ல வேண்டும் அல்லவா? பழைய விதியில் அப்படிச் சொன்னவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2002 நவம்பரில் டெட்ராய்ட் லயன்ஸ் கோச் மார்ட்டி மார்ன்ஹின்வெக் டாஸில் ஜெயித்தும் பந்து வேண்டாம், காற்று அடிக்கும் பக்கம் போதும் என்றார். சிகாகோ பேர்ஸ் முதல் வாய்ப்பிலேயே ஃபீல்டு கோல் அடித்து 20-17 என்று முடித்துவிட்டது. இருபது வருடம் தாண்டியும் அந்த மனிதரைக் கிண்டல் செய்வது ஓயவில்லை. ஒரு தேர்வு காலத்துக்கும் கேலிப் பொருளாகிறது என்றால் இரண்டு தேர்வுகளும் சமமாக இருந்திருக்க முடியாது.

இந்த விதி பிறக்கும்போதே கோணலாக இருந்ததா என்றால், இல்லை. 1958 சாம்பியன்ஷிப் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாங்கி ஸ்டேடியத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸும் பால்டிமோர் கோல்ட்ஸும் சமனாகி, சடன் டெத்துக்குப் போனார்கள். டாஸில் ஜெயித்துப் பந்தை வாங்கியது ஜயன்ட்ஸ். ஒன்றும் நகரவில்லை, பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்பிவிட்டார்கள். கோல்ட்ஸ் 80 யார்டு நடந்து போய் ஆலன் அமீச்சியின் டச்டவுனில் 23-17 என்று ஜெயித்தது. 1974-லிருந்து 1993 வரையிலும் டாஸில் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஏறத்தாழச் சமமாகத்தான் வென்றார்கள். 1994-லிருந்து 2009 வரையில் அது சாய்ந்தது. டாஸில் ஜெயித்த அணி கிட்டத்தட்ட 60 சதவீத ஆட்டங்களை வென்றது.

நடுவில் என்ன ஆனது? ஓவர்டைம் விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. 1994-ல் கிக்ஆஃப் இடத்தை, அதாவது பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் இடத்தை, 35 யார்டு கோட்டிலிருந்து 30-க்குப் பின்னால் தள்ளினார்கள், அதனால் பந்தை வாங்குகிறவர்கள் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினார்கள். உதைப்பவர்களும் வருடத்துக்கு வருடம் தேறிக்கொண்டே வந்தார்கள். ஃபீல்டு கோலின் தூரத்தைக் கணக்கிட, பந்து நிற்கும் கோட்டோடு சுமார் 17 யார்டு கூட்ட வேண்டும். எதிரணியின் 30-ஆவது கோட்டில் நின்றால் 47 யார்டு உதை. ஒரு காலத்தில் அது சூதாட்டம், பிறகு சாதாரண வேலையாகிவிட்டது. ஆக, இரண்டு மூன்று நல்ல பாஸ் போதும், ஆட்டம் முடிந்தது.

உங்கள் லீக்குக்கும் உதவும் ஒரு சின்னக் கணக்கு இங்கே இருக்கிறது. ஒரு வாய்ப்பில் பாயின்ட் எடுக்கும் சாத்தியம் இரண்டு அணிக்கும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். சடன் டெத்தில் முதலில் பந்து வாங்கும் அணி ஜெயிக்கும் சாத்தியம் எவ்வளவு? 2-லிருந்து அந்தப் பாயின்ட் எடுக்கும் சாத்தியத்தைக் கழித்து, 1-ஐ அதனால் வகுத்தால் விடை. மூன்று வாய்ப்புக்கு ஒரு முறை பாயின்ட் என்றால் 60 சதவீதம். மேலே சொன்ன என்எஃப்எல் எண்ணோடு ஒத்துப்போகிறது பாருங்கள். இரண்டு வாய்ப்புக்கு ஒரு முறை என்றால் 67. ஐந்துக்கு ஒன்று என்றால் 56-க்குள் அடங்கிவிடும். தாக்குதல் எவ்வளவு சுலபமோ, டாஸுக்கு அவ்வளவு பலம். உங்கள் பழைய ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்து, பந்து கையில் வந்த தடவைகளில் எத்தனை முறை பாயின்ட் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். சிறுவர் ஆட்டத்தில் பாதிக்கு மேல் வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். குழுக் கூட்டத்துக்கு அந்த ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு போனாலே பாதி வாதம் முடிந்துவிடும்.

என்எஃப்எல் கதைக்குத் திரும்புவோம். 2010 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் முதல் வாய்ப்பிலேயே 40 யார்டு ஃபீல்டு கோல் அடித்து மினசோட்டா வைக்கிங்ஸை 31-28 என்று வீட்டுக்கு அனுப்பியது. வைக்கிங்ஸின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் வீரர்) பிரெட் ஃபார்வ் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே மாதத்தில் விதி திருத்தப்பட்டது. அது அரைகுறை வைத்தியம். ஃபீல்டு கோலை அடைத்தார்கள், டச்டவுன் கதவைத் திறந்தே வைத்தார்கள். 2017 சூப்பர் பவுலில், அதாவது என்எஃப்எல் இறுதிப் போட்டியில், டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அந்தக் கதவு வழியாகத்தான் அட்லான்டாவை வென்றது. 2019 ஜனவரியில் அதே பேட்ரியட்ஸ் கான்சஸ் சிட்டி சீஃப்ஸையும் அப்படியே வென்றது, சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸுக்கு ஓவர்டைமில் பந்தே வரவில்லை. கடுப்பான சீஃப்ஸ் விதியை மாற்றச் சொல்லி முன்மொழிந்தது, நடக்கவில்லை. 2022 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் அணியின் ஜாஷ் ஆலன் டெய்ல்ஸ் கேட்டார், ஹெட்ஸ் விழுந்தது. இந்தத் தடவை பந்து சீஃப்ஸ் கையில். மஹோம்ஸ் டச்டவுன் போட, 42-36. மாற்றம் கேட்ட அணிக்கே பழைய விதி கைகொடுத்தது.

2010 திருத்தத்துக்குப் பிறகு அதுவரை நடந்த 12 பிளேஆஃப் ஓவர்டைம்களில் டாஸ் ஜெயித்தவர்கள் 10-ஐ வென்றிருந்தார்கள், அதில் 7 முதல் வாய்ப்பு டச்டவுன். 12 என்பது சின்ன எண்ணிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் டாஸால் எந்த லாபமும் இல்லாத ஆட்டத்தில் 10 அல்லது அதற்கு மேல் இப்படி விழ ஏறக்குறைய ஐம்பதில் ஒரு வாய்ப்புதான். அணி உரிமையாளர்கள் 2022-ல் 29-க்கு 3 என்று வாக்களித்து பிளேஆஃப் விதியை மாற்றினார்கள்.

புதிய விதியில் இரண்டு அணிக்கும் ஒரு வாய்ப்பு உறுதி. முதல் வாய்ப்பிலேயே தடுக்கும் அணி பந்தைப் பறித்து டச்டவுன் போட்டாலோ, சேஃப்டி (பந்து வைத்திருப்பவரை அவர் அணியின் கோல் கோட்டுக்குப் பின்னால் மடக்கி 2 பாயின்ட்) எடுத்தாலோ மட்டும் அங்கேயே முடியும். இரண்டு பேரும் ஆடிய பிறகும் சமன் என்றால், அதற்கப்புறம் பழைய சடன் டெத். 2024 சூப்பர் பவுலில் சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் டாஸில் ஜெயித்து முதலில் பந்தை வாங்கியது. மூன்றாவது வாய்ப்பு, அதாவது சடன் டெத்தின் முதல் வாய்ப்பு, தங்களுக்கு வரட்டும் என்பதே கோச் கைல் ஷனஹனின் கணக்கு. அவர்கள் ஃபீல்டு கோலோடு நிறுத்திக்கொண்டார்கள். சீஃப்ஸுக்கோ எத்தனை பாயின்ட் தேவை என்று தெரியும். சொந்த 34 யார்டு கோட்டில் நான்காவது டவுன், அதாவது 10 யார்டு நகரக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி, ஒரு யார்டு பாக்கி. வேறு நேரமாக இருந்தால் உதைத்து அனுப்பியிருப்பார்கள். இங்கே அந்த யோசனைக்கே இடமில்லை. மஹோம்ஸ் தானே ஓடி 8 யார்டு எடுத்தார், கடைசியில் 25-22. சீஃப்ஸ் தரப்போ தாங்கள் டாஸில் ஜெயித்திருந்தால் பந்தை எதிரணிக்கே கொடுத்திருப்போம் என்றது. இரண்டு நல்ல கோச்சுகள் எதிரெதிராக யோசிக்கிறார்கள் என்றால் என் சோதனையில் விதி தேறிவிட்டது.

இரண்டு பேருக்கும் பந்து கொடுத்தாலே நியாயம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கல்லூரி ஃபுட்பாலில் 1996-லிருந்தே இரண்டு அணிக்கும் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. அங்கே டாஸில் ஜெயிக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் ‘நாங்கள் தடுக்கிறோம்’ என்பார்கள். ரகசியம் ஒன்றுமில்லை, இரண்டாவதாக ஆடுபவருக்குத் தேவை எவ்வளவு என்று தெரியும். கேட்காமலே விடை தெரிகிறது, ஆகவே அதுவும் சோதனையில் தேறாது. என்எஃப்எல்லின் லீக் ஆட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. ஓவர்டைம் மொத்தமே 10 நிமிடம் என்பதால் முதல் அணி நிதானமாக நகர்ந்தால் அடுத்த அணிக்குக் கடிகாரமே எதிரி. 2025 செப்டம்பரில் கிரீன் பே பேக்கர்ஸும் டல்லாஸ் கவ்பாய்ஸும் ஆளுக்கொரு ஃபீல்டு கோலோடு நேரத்தைத் தீர்த்து 40-40 என்று கலைந்தார்கள்.

சரி, உங்கள் லீக்குக்கு வருவோம். முதல் கேள்வி, எல்லா ஆட்டத்துக்கும் ஓவர்டைம் எதற்கு? லீக் சுற்றில் சமன் என்றால் சமன், ஆளுக்குப் பாதி பாயின்ட் என்று விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விடுவார்கள், பெரியவர்களும் பழகிக்கொள்வார்கள். நாக்அவுட் ஆட்டங்களுக்கு மட்டும் ஓவர்டைம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு நான் சொல்வது ஒற்றை முயற்சிச் சுற்று. கோல் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே இடத்திலிருந்து ஒவ்வொரு அணிக்கும் ஒரே ஒரு பிளே. உள்ளே போனால் ஒன்று, போகாவிட்டால் சைபர். பக்கத்திலிருந்து ஒரு பாயின்ட், தூரத்திலிருந்து இரண்டு பாயின்ட் என்ற தெரிவெல்லாம் வேண்டாம், அதைத் திறந்துவிட்டால் இரண்டாவதாக ஆடுபவருக்குத் தேவையை அறிந்து தேர்வு செய்யும் லாபம் திரும்ப வந்துவிடும். முதல் சுற்றில் யார் முதலில் என்பதை டாஸ் சொல்லட்டும், அடுத்த சுற்றில் வரிசையைத் திருப்புங்கள், அதற்கடுத்ததில் மறுபடியும். டென்னிஸ் டைபிரேக்கில் சர்வீஸ் மாறி மாறி வருவதும் இதே காரணத்துக்குத்தான்.

கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். பாதி முயற்சிகள் தேறும் தூரமாகப் பாருங்கள். பாதிக்குப் பாதி என்றால் ஒவ்வொரு சுற்றும் முடிவு தரும் சாத்தியம் 50 சதவீதம், அதுதான் உச்சம். சராசரியாக இரண்டு சுற்றில் முடியும், மைதான நேரத்தையும் தின்னாது. ரொம்பப் பக்கம் வைத்தால் எல்லோரும் போட்டுக்கொண்டே இருப்பார்கள், தூரம் வைத்தால் யாரும் போட மாட்டார்கள். 2021 அக்டோபரில் இலினாய், பென் ஸ்டேட் கல்லூரி அணிகள் இப்படி ஒற்றை முயற்சிகளைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டு ஒன்பது ஓவர்டைம் ஆடின. உங்கள் லீக்கில் எக்ஸ்ட்ரா பாயின்ட்டுக்கு, அதாவது டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் முயற்சிக்கு, ஏற்கெனவே கோடுகள் இருக்கும். சீசனின் முதல் சில வாரம் அவற்றில் எது பாதிக்குப் பாதி வருகிறது என்று குறித்துவைத்து, நாக்அவுட்டுக்கு முன் முடிவு செய்யுங்கள்.

குழுவில் யாருக்காவது இன்னும் துணிச்சல் இருந்தால் வேறொரு வழியும் உண்டு. 2021-ல் பால்டிமோர் ரேவன்ஸ் என்எஃப்எல்லில் முன்மொழிந்து, ஏற்கப்படாமல் போனது. ஒரு கேப்டன் பந்தை எந்தக் கோட்டில் வைப்பது என்று சொல்ல வேண்டும், மற்றவர் அங்கிருந்து தாக்கவா தடுக்கவா என்று தேர்ந்தெடுப்பார். அப்புறம் சடன் டெத். வீட்டில் ஒரு மைசூர்பாகை அண்ணன் வெட்ட, தம்பி முதலில் எடுப்பது போலத்தான். பேராசைப்பட்டு வெட்டினால் நஷ்டம் வெட்டியவனுக்கே. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த விதி இது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கோட்டைத் தவறாகச் சொன்ன பையன்மேல் மொத்தத் தோல்வியும் விழும். பெரியவர்கள் பிரிவு இருந்தால் அங்கே முயன்று பாருங்கள்.

எதை எடுத்தாலும் சீசன் தொடங்கும் முன் எல்லாக் கோச்சுகளையும் உட்காரவைத்து வாசித்துக்காட்டுங்கள். 2024 சூப்பர் பவுலில் ஆடிய 49ஏர்ஸ் வீரர்கள் சிலரே, புதிய ஓவர்டைம் விதி தங்களுக்குத் தெரியாது என்று ஆட்டம் முடிந்த பிறகு சொன்னார்கள். டாஸைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்: நாணயம் மேலே போவதற்கு முன்பே கேப்டன் சத்தமாகக் கேட்டுவிட வேண்டும், நடுவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 1998 நன்றி தெரிவிக்கும் நாள் ஆட்டத்தில் ஸ்டீலர்ஸ் வீரர் ஜெரோம் பெட்டிஸ், நாணயம் காற்றில் இருக்கும்போது ‘ஹெ…’ என்று இழுத்து ‘டெய்ல்ஸ்’ என்று முடித்தார். நடுவர் ஹெட்ஸ் என்று எடுத்துக்கொண்டார். விழுந்தது டெய்ல்ஸ். பந்து லயன்ஸுக்குப் போனது, முதல் வாய்ப்பிலேயே ஃபீல்டு கோல், 19-16. அதற்குப் பிறகுதான் என்எஃப்எல் இந்த வரியைச் சேர்த்தது.