காஸாவும் ஸ்டெரோட்டும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காஸா குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். பாலஸ்தீனக் குழந்தைகளைப் பற்றி எழுதிவிட்டு, அதே மூச்சில் இஸ்ரேலியக் குழந்தைகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருபுறம் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இடிபாடுகளுக்குள் கிடக்கையில், மறுபுறம் சைரன் ஒலி கேட்டுப் பாதுகாப்பு அறைக்குள் ஓடும் குழந்தைகளின் மன உளைச்சலைப் பேசுவது, அடித்தவனையும் அடிபட்டவனையும் சமமாக்குவது ஆகாதா? இன்னொரு ஐயமும் உண்டு. போர் நின்றுவிட்டது, குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள், பெரியவர்களுக்குத்தான் ஆறாது என்கிறார் என் அலுவலக நண்பர். அது சரியா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் அதனுடன் சேர்ந்த குழுக்களும் தெற்கு இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பிணையாகக் கடத்திச் செல்லப்பட்ட சுமார் 250 பேரிலும் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். ஒன்பது மாதக் கைக்குழந்தை ஒன்றும் அவர்களுள் அடக்கம். அதன்பின் இஸ்ரேல் நடத்திய போரில், 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்த வேளையில், காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி கொல்லப்பட்டவர்கள் 67,000-க்கும் மேல். அவர்களில் சுமார் 20,000 பேர் குழந்தைகள். போர்க்காலத்தில் அக்கணக்கை இஸ்ரேல் ஏற்கவில்லை; ஐ.நா. அமைப்புகள் நம்பத்தக்கதாகவே கொள்கின்றன. மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப்பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்கும் ஒரு நெருக்கமான நிலப்பரப்பின்மீது கனரகக் குண்டுகளை வீசினால் யார் சாவார்கள் என்பது, அந்தப் போருக்குத் திட்டம் வகுத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆகவே இரு பக்க இழப்புகளும் சமம் என்று எவரேனும் எழுதினால் அது பொய். நான் அப்படி எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

ஆனால் பாதுகாப்பு அறையைப் பற்றிப் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். காஸா எல்லையை ஒட்டிய ஸ்டெரோட் என்னும் இஸ்ரேலிய நகரின்மீது 2001 முதல் ராக்கெட்டுகள் விழுந்துவருகின்றன. அபாய ஒலி எழுந்ததிலிருந்து ராக்கெட் விழுவதற்குள் அங்கே கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் 15 வினாடிகள். பேருந்து நிறுத்தங்களைக் கான்கிரீட் பதுங்கறைகளாகக் கட்டியிருக்கிறார்கள். விளையாட்டுத் திடலில் கம்பளிப்புழு வடிவத்தில், பளிச்சென்ற வண்ணம் பூசிய கான்கிரீட் குழாய்கள் கிடக்கின்றன. ஒலி கேட்டால் பிள்ளைகள் அந்தப் புழுவின் வயிற்றுக்குள் ஓடிவிட வேண்டும். மழலையர் பள்ளிகளுக்கென்று ஒரு பாட்டே உண்டு. ஓடு, ஓடு, பத்திரமான இடத்துக்கு ஓடு என்று தொடங்கி, நெஞ்சு படபடவென்று அடிப்பதைச் சொல்லி, கைகால்களை உதறி, மூச்சை ஆழமாக இழுத்துவிடுவதில் முடியும் பாட்டு அது. தன்னைக் கொல்ல வானத்திலிருந்து ஏதோ வருகிறது என்பதை மூன்று வயதுக் குழந்தை தாளத்தோடு கற்றுக்கொள்கிறது. இது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

காஸாவில் இந்தப் பாட்டுக்கு வழியில்லை, ஏனெனில் ஓடிப் புகுவதற்கு அங்கே இடமில்லை. சைரனும் இல்லை. இஸ்ரேலில் 1990-களின் தொடக்கத்திலிருந்தே புதிதாகக் கட்டும் வீடுகளில் வலுவூட்டிய அறை ஒன்று சட்டப்படி இருந்தாக வேண்டும். 2007 முதல் முற்றுகைக்குள் இருக்கும் காஸாவுக்கோ, சிமெண்ட் உள்ளே வருவதற்கே இஸ்ரேலின் இசைவு வேண்டியிருந்தது. அப்படி வந்த சிமெண்டிலும் வராத சிமெண்டிலும் ஹமாஸ் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கங்களைக் கட்டியது. மக்களுக்காக ஒரு பதுங்கறை கட்டவில்லை. சுரங்கங்கள் போராளிகளைக் காக்கவே, பொதுமக்களைக் காப்பது ஐ.நா.வின் பொறுப்பும் ஆக்கிரமிப்பாளரின் பொறுப்பும் என்று ஹமாஸ் தலைவர்களில் ஒருவரான மூசா அபு மர்சூக் 2023 அக்டோபரிலேயே ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த மாதத்தில்தான் காஸாவின் டெய்ர் அல்-பலாவிலும் பிற இடங்களிலும் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் கால்களில் மையால் பெயரை எழுதத் தொடங்கினார்கள். உடல் சிதைந்து கிடைத்தால் அடையாளம் காண்பதற்காக.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்ததைத்தான் சமன்செய்தல் என்கிறீர்கள். தனித்தனியே எழுதினால் வேறுபாடு மங்கிவிடும் என்பது என் எண்ணம். காஸாவின் குழந்தைக்கு எது மறுக்கப்பட்டது என்பது, பக்கத்திலேயே அது கிடைத்த குழந்தையைப் பார்க்கும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. இஸ்ரேலுக்கு உள்ளேயும் இந்தக் கோடு ஓடுகிறது. 2024 ஏப்ரலில் ஈரான் முந்நூறுக்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் ஏவிய இரவில், இஸ்ரேலில் படுகாயமடைந்தது நெகேவ் பாலைவனத்தில் வாழும் பெடோயின் என்னும் அரபுப் பழங்குடியைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, வயது ஏழு. அரசு அங்கீகரிக்காத பெடோயின் குடியிருப்புகளில் பாதுகாப்பு அறைகள் கிடையாது. அதே ஆண்டு ஜூலை 27 அன்று, இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் கோலான் குன்றுகளில் உள்ள மஜ்தல் ஷம்ஸ் ஊரின் கால்பந்துத் திடலில் ராக்கெட் விழுந்து 12 பேர் மாண்டார்கள். எல்லோரும் ட்ரூஸ் என்னும், அரபு பேசும் சிறுபான்மைச் சமயச் சமூகத்துச் சிறுவர் சிறுமியர். அபாய ஒலிக்கும் வெடிப்புக்கும் இடையே சில வினாடிகளே இருந்தன. இவர்களை எந்தத் தட்டில் வைப்பது? அடித்தவன் என்று தாங்கள் சொல்லும்போது ஓர் அரசை, ஒரு ராணுவத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறீர்கள். அந்தச் சொல் அக்டோபர் 7 அன்று தாக்கப்பட்ட பெயேரி, நிர் ஓஸ் ஊர்களில் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்ட குழந்தையின்மீதும் போய் விழுந்துவிடுகிறது. பெற்றோர் செய்ததற்கு, அல்லது பெற்றோரின் அரசோ இயக்கமோ செய்ததற்குப் பிள்ளை பொறுப்பு என்னும் கணக்கை வைத்துத்தான் இருதரப்பிலும் ஆயுதம் ஏந்தியவர்கள் தங்கள் காரியத்துக்கு நியாயம் சொல்கிறார்கள். அந்தக் கணக்கைப் பாலஸ்தீனத்தின் பேரால் நாம் எழுதினாலும் அது அதே கணக்குதான்.

ஐ.நா. பொதுச்செயலாளர் ஆண்டுதோறும் வெளியிடும், போரில் சிக்கிய குழந்தைகள் பற்றிய அறிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கொல்லுதல், ஊனமாக்குதல், கடத்துதல், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தாக்குதல் முதலிய கொடுமைகளைச் செய்யும் தரப்புகளின் பெயர்களை அதன் பின்னிணைப்பில் பட்டியலிடுவார்கள். பல்லாண்டுகளாக அதில் இஸ்ரேலைச் சேர்க்காமல் தவிர்த்து வந்தார்கள், ஹமாஸையும் சேர்க்கவில்லை. 2024 ஜூனில் இஸ்ரேலிய ராணுவம், ஹமாஸ், காஸாவின் இன்னொரு ஆயுதக் குழுவான இஸ்லாமிய ஜிகாத் ஆகிய மூன்றின் பெயர்களும் ஒரே அறிக்கையில் இடம்பெற்றன. எந்தத் தரப்பு எவ்வளவு என்பதை அந்த அறிக்கை மறைக்கவில்லை. பட்டியலால் குண்டு நின்றுவிடவில்லை என்பது வேறு.

குண்டு விழாத இடத்தையும் மறந்துவிடக் கூடாது. இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் ஒரே குன்றில் வசிக்கும் இரு பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் கல்லெறிந்ததாக வைத்துக்கொள்வோம். யூதக் குடியேற்றத்தைச் சேர்ந்தவன் இஸ்ரேலின் குடிமைச் சட்டத்துக்கு உட்பட்டவன். பாலஸ்தீனச் சிறுவன் ராணுவ நீதிமன்றத்துக்குப் போகிறான். நள்ளிரவில் வீடு புகுந்து கைது, கண்ணைக் கட்டுதல், பெற்றோரோ வழக்கறிஞரோ இல்லாத விசாரணை ஆகியவற்றைப் பதிவுசெய்த யூனிசெஃப், இந்தத் துன்புறுத்தல் பரவலானது, முறைப்படுத்தப்பட்டது என்று 2013-லேயே எழுதியது. காஸா எரிந்த ஆண்டுகளில் இது செய்தியிலிருந்து ஏறக்குறைய காணாமலே போயிற்று.

தங்கள் நண்பரின் கூற்றுக்கு வருகிறேன். மறதி என்பது மனத்தின் காரியம் மட்டும் என்று அவர் நினைக்கிறார் போலும். போர் தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் காஸாவில் ஏறத்தாழ 1,000 குழந்தைகள் ஒரு காலையோ இரு கால்களையுமோ இழந்துவிட்டார்கள் என்று யூனிசெஃப் சொன்னது. வளரும் உடலில் எலும்பு சதையை முந்திக்கொண்டு வளரும். வெட்டுண்ட முனையை மீண்டும் மீண்டும் அறுவை செய்து சீராக்க வேண்டியிருக்கும். உயரம் கூடக்கூடச் செயற்கைக் காலையும் மாற்ற வேண்டும். ஆறு வயதில் காலை இழந்த குழந்தைக்கு வளர்ச்சி நிற்கும்வரை அந்தக் குண்டு விழுந்துகொண்டேதான் இருக்கும். செயற்கை உறுப்புகளுக்கென்று கத்தார் நிதியில் கட்டி 2019-இல் திறந்த ஷேக் ஹமாத் மருத்துவமனையும் போரில் சேதமடைந்தது.

மனத்தைப் பற்றியும் வெறும் ஊகமாகப் பேச வேண்டியதில்லை. காஸாவின் மனநல மருத்துவர் இயாத் அல்-சராஜ் 1990-இல் அங்கே ஒரு சமூக மனநல மையத்தைத் தொடங்கினார். அவரும் சமீர் கூத்தாவும் ஃபின்லாந்தின் ராய்யா-லீனா புனமாக்கியும் பல ஆண்டுகள் காஸாவின் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். படுக்கையில் சிறுநீர் கழித்தல், கெட்ட கனவு, தாயைவிட்டு விலகாமை ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவை. அல்-சராஜ் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது வேறொன்று. 1987-இல் தொடங்கிய முதல் இன்டிஃபாதாவில், அதாவது பாலஸ்தீன மக்கள் எழுச்சியில், தன் கண்ணெதிரே தந்தையைப் படைவீரர்கள் அடித்து அவமதித்ததைக் கண்ட குழந்தை, தந்தையால் தன்னைக் காக்க முடியாது என்று முடிவுசெய்து, ஆயுதம் தாங்கியவனைத் தந்தையின் இடத்தில் வைக்கிறது. இரண்டாம் இன்டிஃபாதாவில் தற்கொலைக் குண்டுதாரிகளாக வந்தவர்கள் முதலாம் இன்டிஃபாதாவின் குழந்தைகளே என்றார் அவர். அதைக் குற்றத்துக்கான சலுகையாக அவர் சொல்லவில்லை. தற்கொலைத் தாக்குதல்களை அவர் எதிர்த்தவர்.

அந்த ஆய்வுகளில் ஆறுதலாக ஒன்று இருந்தது. பெற்றோரின் அரவணைப்பு குலையாத வீடுகளில் குழந்தைகள் வியக்கத்தக்க அளவு தாங்கினார்கள். இப்போது அந்த ஆறுதலும் குறைந்துவிட்டது. பெற்றோரை இழந்தோ பிரிந்தோ தனித்து நிற்கும் குழந்தைகள் குறைந்தது 17,000 பேர் என்று 2024 பிப்ரவரியில் யூனிசெஃப் மதிப்பிட்டது. காயமடைந்த குழந்தை, உயிரோடு குடும்பத்தினர் எவருமில்லை என்பதைக் குறிக்க மருத்துவமனைகளில் ஒரு சுருக்கெழுத்தே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

மறுபுறத்தையும் இதே கண்ணால் பாருங்கள். 2008 டிசம்பரில் காஸாமீது இஸ்ரேல் போர் தொடுத்தபோது ஐந்து வயதாயிருந்த பாலஸ்தீனச் சிறுவனுக்கு 2023 அக்டோபரில் வயது இருபது. அதே நாட்களில் ஸ்டெரோட்டில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு ஓடிய சிறுவனுக்கும் இருபது வயது. கட்டாய ராணுவச் சேவையில் சீருடையோடு இருந்திருப்பான். இருவரும் வாழ்நாளில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, துப்பாக்கியோடு பார்த்தாலன்றி. 2025-இல் ஐந்து வயதாக இருப்பவர்கள் 2040-இல் இருபதை எட்டுவார்கள். அவர்களில் ஒருவனை மட்டும் எழுதிவிட்டு மற்றவனை விட்டுவிட்டால், என்ன நடக்கும் என்பதில் பாதியைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்புடன்