நீராவிப் படகைப் படமெடுக்க எங்கே நிற்பது?

மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏப்ரல் கடைசியில் இண்டியானாபொலிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். ஆறு வாரம் இருப்பேன். அமெரிக்க ஆறுகளில் ஓடும் நீராவிப் படகுகளையும் கரையோர வாழ்க்கையையும் படமெடுக்க ஆசை. ஒரு கிராப் சென்சார் கேமரா, 18-55, 55-250 லென்ஸ்கள் இருக்கின்றன. எந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கலாம்? முக்காலி தேவையா?"

டிக்கெட் எடுங்கள், ஆனால் ஒன்று போதும். படகில் ஏறிவிட்டால் படகு உங்கள் படத்தில் வராது. கைப்பிடிக் கம்பியும் பக்கத்துப் பயணியின் தொப்பியும்தான் வரும். முழுப் படகு வேண்டுமென்றால் கரையில், அதுவும் எதிர்க்கரையில் நிற்க வேண்டும். பழைய ஆட்களும் அதைத்தான் செய்தார்கள். 1848 செப்டம்பரில் ஃபோன்டெய்ன், போர்ட்டர் என்ற இருவர் சின்சினாட்டி நகரத்தின் ஆற்றங்கரையை எட்டு டாகரோடைப் தகடுகளில் (வெள்ளி பூசிய தகட்டில் நேரே படம் பதியும் பழைய முறை) படமெடுத்தார்கள். வரிசையாக நீராவிப் படகுகள், பின்னால் நகரம். அவர்கள் நின்றது சின்சினாட்டியில் இல்லை, ஒஹையோ ஆற்றின் எதிர்க்கரையில், கென்டக்கியின் நியூபோர்ட்டில். அந்தத் தகடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் கட்டடத்துக் கடிகாரத்தில் மணி என்ன என்பதுகூடத் தெரிகிறது.

எந்தப் படகு என்பதை முதலில் முடிவு செய்வோம். பின்னால் சிவப்புச் சக்கரம் சுழல்வதெல்லாம் நீராவிப் படகு இல்லை. இப்போது மிசிசிப்பியில் வாரக்கணக்கில் போகும் சொகுசுப் பயணப் படகுகள் டீசலில் ஓடுகின்றன. நீராவியில் ஓடிய பெரிய படகான 'அமெரிக்கன் குயீன்' அதை நடத்திய நிறுவனம் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டதோடு நின்றுபோனது. நீராவியின் மூச்சு, விசில், எண்ணெய் மினுங்கும் இரும்புத் தண்டு இவையெல்லாம் வேண்டுமென்றால் உங்களுக்கு இரண்டு படகுகளைச் சொல்வேன். ஒன்று ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள லூயிவில் நகரத்தின் 'பெல் ஆஃப் லூயிவில்', இன்னொன்று மிசிசிப்பிக் கரையில் உள்ள நியூ ஆர்லீன்ஸின் 'நாட்செஸ்'.

உங்களுக்குப் பக்கம் லூயிவில். மகள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். 'பெல்' 1914-இல் பிட்ஸ்பர்க்கில் கட்டப்பட்ட படகு. அப்போது அதன் பெயர் 'ஐடில்வைல்ட்'. பல கைமாறி, 1962-இல் ஏலத்தில் உள்ளூர் நிர்வாகம் 34,000 டாலருக்கு வாங்கிச் செப்பனிட்டது. நீங்கள் போகும் சமயமும் நல்ல சமயம். மே முதல் சனிக்கிழமை கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம். அதற்கு முந்தைய புதன்கிழமை, 1963-இலிருந்து வழக்கமாக, 'பெல்' இன்னொரு படகோடு ஆற்றில் பந்தயம் ஓடும். யார் ஜெயிப்பது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்குப் படகில் இடம் கிடைத்தாலும் ஏறாதீர்கள் என்பேன். பிக் ஃபோர் பாலத்துக்குப் போங்கள். பழைய ரயில் பாலம், இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். மேலிருந்து பார்த்தால் படகு உங்களை நோக்கி வரும், அடியில் நுழையும், அந்தப் பக்கம் சக்கரமும் நுரையுமாக வெளியே போகும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும்.

பாலத்தில் கூட்டம் அதிகமென்றால் வடகரையில், இண்டியானா பக்கம், ஜெஃபர்சன்வில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது நீங்கள் தெற்கு நோக்கி நிற்பீர்கள். நண்பகலில் எதிர்வெளிச்சம். மே மாதத்தில் சூரியன் வடமேற்கில் மறைவதால் மாலை கடைசி ஒரு மணி நேரம் வெளிச்சம் உங்கள் வலது தோளுக்குப் பின்னாலிருந்து படகின் மேலும் லூயிவில் கட்டடங்களின் மேலும் விழும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே போகலாம். பகலில் ஜெஃபர்சன்வில்லிலேயே ஹோவர்ட் நீராவிப் படகு அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1834-இல் தொடங்கிய ஹோவர்ட் குடும்பத்துப் படகுப் பட்டறை அங்கேதான் இருந்தது.

நியூ ஆர்லீன்ஸுக்கு விமானத்தில் போய் ஒரு வாரக்கடைசி தங்கினால், உங்கள் ஒரே டிக்கெட்டை 'நாட்செஸ்' மேல் செலவழியுங்கள். காரணம் அதன் இயந்திர அறை. படகு 1975-இல் கட்டியது, ஆனால் இயந்திரங்கள் 1925-இல் கட்டப்பட்ட 'கிளேர்டன்' என்ற வேலைப் படகிலிருந்து எடுத்தவை. பயணிகள் உள்ளே போய்ப் பார்க்கலாம். வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓ 3200-க்குத் தயங்க வேண்டாம். 18-55-ஐ அகலமாக வைத்து 1/125 நொடியில் எடுத்தால் ஆள் தெளிவாக இருப்பார், தண்டு லேசாகக் கலங்கும். அந்தக் கலங்கல் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: ஏசி அறையிலிருந்து நேரே இயந்திர அறைக்கோ மேல்தளத்துக்கோ போனால் லென்ஸ் பனித்துவிடும். லூசியானாவின் ஈரப்பதம் நம் சென்னை மே மாதத்துக்குக் குறைந்ததில்லை. ஏறியதும் கேமராவைப் பையோடு வெளித்தளத்தில் இருபது நிமிடம் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

படகில் இருந்தே நன்றாக வரும் இன்னொரு படம் சக்கரம். கரையிலிருந்து மெதுவான ஷட்டரில் எடுத்தால் படகே நகர்ந்து மங்கிவிடும், 1/250-இல் எடுத்தால் சக்கரம் உறைந்துபோய், ஓடும் படகு நங்கூரம் போட்டது மாதிரித் தெரியும். படகுக்குள் நீங்களும் கூடவே நகர்வதால் படச்சட்டம் அசையாது, பலகைகளும் தண்ணீரும் மட்டும் ஓடும். 1/15, 1/20 நொடி என்று பத்துப் பன்னிரண்டு எடுங்கள். கம்பியில் முழங்கையை ஊன்ற வேண்டாம், இயந்திர அதிர்வு நேரே கேமராவுக்கு வரும். உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முக்காலியையும் இதே காரணத்துக்காகத்தான் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்கிறேன்.

புறப்படுவதற்கு முன் படகின் உச்சியில் கேலியோப் வாசிப்பார்கள். நீராவியில் பாடும் ஆர்கன், 'நாட்செஸ்' படகில் 32 விசில்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வெள்ளைப் புகை எழும்பும். இதைத் துறைமேடையிலிருந்து எடுங்கள், சூரியன் நீராவிக்குப் பின்னால் இருக்கும்படி இடம் மாறி நில்லுங்கள். முன்வெளிச்சத்தில் வெள்ளை வானத்தில் வெள்ளைப் புகை கரைந்துபோகும். குளிர்ந்த காலை என்றால் புகை இன்னும் அடர்த்தியாக நிற்கும்.

அப்புறம் கால்வாய்த் தெரு (கேனல் ஸ்ட்ரீட்) முனையில் ஃபெர்ரி பிடித்து எதிர்க்கரை அல்ஜியர்ஸ் முனைக்குப் போங்கள். நகரத்தின் பழைய பகுதியான பிரெஞ்சுக் குடியிருப்பும் (பிரெஞ்ச் குவார்ட்டர்) தேவாலயமும் அதன் முன்னால் படகும் ஒரே சட்டத்தில் வரும். அங்கே ஆறு வளைகிற வளைவில், 'மேற்குக் கரை' என்று ஊரார் சொல்லும் பக்கத்திலிருந்துதான் சூரியன் உதிக்கும். எனவே காலையில் படகின் மேல் வெளிச்சம், மாலையில் நகரத்துக்குப் பின்னால் அஸ்தமனம். இரவு உணவுப் பயணம் வழக்கமாக 7 மணிக்குக் கிளம்பும், மே மாதத்தில் சூரியன் மறைவது ஏழே முக்கால் வாக்கில். உங்கள் 55-250-இன் முழு நீளமும் தேவைப்படாது. 'நாட்செஸ்' 265 அடி நீளம், 250 மி.மீ.-இல் முன்னும் பின்னும் வெட்டுப்பட வாய்ப்பு உண்டு. முக்காலிக்கு வேலை இங்கேதான். ஆனால் இருட்டியபின் நீண்ட எக்ஸ்போஷரைத் துறையில் கட்டிய படகுக்கு மட்டும் வையுங்கள், ஓடும் படகின் விளக்குகள் கோடாக இழுத்துவிடும்.

வெளிச்ச அளவில் எல்லாரும் சறுக்கும் இடம் இந்த வெள்ளைப் படகுகள். சட்டம் முழுக்கப் படகு நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை +0.7 கூட்டுங்கள். பழுப்புத் தண்ணீருக்கும் இருண்ட மரங்களுக்கும் நடுவே சிறிதாகத் தெரிந்தால் நேர்மாறு, மரச்சித்திர வேலையெல்லாம் வெளுத்துப்போகும், -0.7 குறையுங்கள். பிறகு திருத்த இடம் தரும் ரா கோப்பில் எடுங்கள்.

கரையோர வாழ்க்கை என்று கேட்டீர்கள். சுற்றுலாப் படகை மட்டும் எடுத்தால் ஆற்றில் பாதிக்கும் குறைவாகத்தான் எடுத்ததாக ஆகும். இன்றைய ஆற்றில் உழைப்பது, பார்ஜ் எனும் தட்டையான சரக்கு மிதவைகளைத் தள்ளும் டோபோட்தான். மேல் மிசிசிப்பியில் ஒரு டோபோட் வழக்கமாகப் பதினைந்து பார்ஜ்களை, மூன்று வரிசையாகக் கட்டி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு பார்ஜும் 195 அடி நீளம், சுமார் 1,500 டன் சரக்கு. அங்கே பெரும்பாலான நீர்ப்பூட்டுகள் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள்) 600 அடிதான், அதனால் தொடரை நடுவில் அவிழ்த்து இரண்டு தவணையாகக் கடத்துவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கயிறு, சங்கிலி, ஆரஞ்சு மிதவைச் சட்டையில் ஆட்கள் என்று அத்தனையும் உங்கள் முன்னால் மெதுவாக நடக்கும். விஸ்கான்சினின் ஆல்மாவில் 4-ஆம் எண் பூட்டை ஒட்டி மேடையே போட்டிருக்கிறார்கள். லூயிவில்லின் மெக்அல்பைன் பூட்டு 1,200 அடி, அங்கே ஒரே தவணையில் முடிந்துவிடும், நாடகம் குறைவு. பூட்டுகளின் மேல் ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

இந்த வேலையை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள ஹென்றி போஸின் படங்களைத் தேடிப் பாருங்கள். ராணுவப் பொறியாளர் படையில் வரைபடக்காரராக இருந்தவர். 1883 முதல் பத்தாண்டு அளவில் மினியாபொலிஸுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் நடுவே மிசிசிப்பியை எடுத்து, நீலநிற சயனோடைப்பில் நீள்வட்டமாக அச்சிட்டார். குன்றின் மேல் ஏறி நின்று எடுத்தவை நிறைய, அதனால் ஆறு வெறும் பின்னணியாகாமல் நிலத்தின் மேல் எப்படிப் போகிறது என்பது தெரியும்.

மனிதர்களைப் படமெடுக்கச் சட்டம் பொது இடத்தில் தடுக்காது. இருந்தாலும் தூண்டில் போடுகிறவரிடம் "என்ன மாட்டியது?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் மீனைத் தூக்கிக் காட்டுவார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, அவர் திரும்பவும் தண்ணீரைப் பார்க்கும்வரை காத்திருங்கள், அதுதான் உங்களுக்கு வேண்டிய படம்.

ஒஹையோ வசந்தத்தில் பொங்கும் ஆறு. நீர்மட்டம் ஏறினாலோ மரக்கட்டைகள் மிதந்து வந்தாலோ 'பெல்' புறப்படாது. காரை எடுப்பதற்கு முன் அன்று காலையே படகு அலுவலகத்தில் கேட்டுவிடச் சொல்லி மகளிடம் சொல்லுங்கள்.