ஸ்டாப்வாட்ச் வைத்துப் போட்ட டார்கெட்டை ஏன் எட்ட முடிவதில்லை?

"டெய்லரின் அறிவியல் மேலாண்மையே தொழிலாளியைப் பிழிவதற்கு வந்ததுதானே? எங்கள் பனியன் கம்பெனியில் வாட்ச் வைத்து சைடு ஓவர்லாக்குக்கு (பனியனின் பக்கவாட்டுத் தையலுக்கு) மணிக்கு 120 பீஸ் என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட எட்டவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து டார்கெட் போடும் முறையைப் பரப்பிய அமெரிக்க இன்ஜினியர்தான் இந்த டெய்லர்.

நீங்கள் லைன் சூப்பர்வைசர் என்று எடுத்துக்கொள்கிறேன். வாட்ச் காட்டிய எண்ணை அப்படியே டார்கெட்டாக எழுதியதில்தான் தப்பு இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லைனிலேயே கை வேகமான ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பத்துப் பீஸுக்கு நேரம் எடுத்திருப்பார்கள். சராசரி 30 விநாடி வந்திருக்கும். 3600-ஐ 30-ஆல் வகுத்தால் 120. உங்கள் போர்டில் இருப்பது அநேகமாக இதுதான்.

அந்த ஆபரேட்டரின் வேகம் சாதாரண வேகத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூட, அதாவது 110 ரேட்டிங் என்றால், 30 விநாடி 33 ஆக வேண்டும். அடுத்தது பண்டல். 20 பீஸ் கட்டை அவிழ்த்து, அடுக்கி, முடிந்ததும் திரும்பக் கட்டித் தள்ள 20 விநாடி என்றால் பீஸுக்கு 1 விநாடி. பத்துப் பீஸ் மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. ஆக 34. இதன் மேல் தண்ணீர், பாத்ரூம், அசதி, ஊசி ஒடிவது, நூல் அறுவது எல்லாவற்றுக்கும் அலவன்ஸ் என்று 15 சதவீதம் வைத்தால் 39.1 விநாடி. ஓவர்லாக்கில் லூப்பர் நூல் அறுந்தால் மறுபடி கோர்ப்பதற்குள் நாலு பீஸ் நேரம் போய்விடும், அதனால் இதைச் சலுகை என்று நினைக்கக் கூடாது. இப்போது வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 92. எட்டு மணி நேரத்தில் 224 பீஸ் வித்தியாசம். அந்த 224-க்குத்தான் தினமும் ஆட்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நேரம் எடுப்பதற்கு முன்பே வேலை செய்யும் முறையை முடிவு செய்துவிட வேண்டும். ஒருவர் பீஸை மடியிலிருந்து எடுக்கிறார், இன்னொருவர் இடது பக்கத் தட்டிலிருந்து. ஒருவர் ஒரே ஓட்டமாக விடுகிறார், இன்னொருவர் மூன்று தடவை நிறுத்தித் துணியைச் சரிசெய்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? டெய்லர் காலத்தில் வேலை அசைவுகளை ஆராய்ந்த ஃபிராங்க் கில்பிரெத் செங்கல் கட்டுவதில் 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்தபோது, செங்கலைக் குனியாமல் எடுக்கும் உயரத்தில் வைக்க ஏற்பாடு செய்தார். ஆளை அவசரப்படுத்தவில்லை.

முதலாளிக்கு வக்காலத்து என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். டெய்லரைப் புனிதராக்க நான் வரவில்லை. அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் நாளுக்கு 12.5 டன் இரும்புப் பாளம் ஏற்றிய ஆளை 47.5 டன் ஏற்ற வைத்ததாக எழுதினார். நாள் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர்தான் ஆனது. அந்தக் கணக்கை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 92 பவுண்டு பாளம் தூக்கும் ஆளுக்கு நாளில் 57 சதவீத நேரம் கையில் பாரம் இருக்கக் கூடாது என்று எழுதியவரும் அவரேதான். கம்பெனிகள் 47.5-ஐ எடுத்துக்கொண்டன, 57-ஐ விட்டுவிட்டன. ஆட்களைக் கேட்காமல் வாட்சோடு போய் நின்றால் என்ன ஆகும் என்பது 1911-லேயே தெரிந்துவிட்டது: அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள், விசாரணை அமெரிக்க காங்கிரஸ் வரை போனது.

  

நாளைக்கு ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) ஆளிடம் டைம் ஸ்டடி ஷீட்டைக் கேளுங்கள். ரேட்டிங், பண்டல், அலவன்ஸ் மூன்று இடமும் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். லைனில் மெதுவான வேலை எது என்றும் பாருங்கள். கழுத்து ரிப் (கழுத்துப் பட்டை) வைப்பதற்கு 45 விநாடி ஆகிறதென்றால் லைனிலிருந்து மணிக்கு 80-தான் வெளியே வரும். சைடில் 92 அடிக்க முடிந்தாலும் கழுத்து மெஷினுக்கு முன்னால் பண்டல் குவியும், அவ்வளவுதான். அங்கே இன்னொரு மெஷின் போடச் சொல்லுங்கள். புது ஸ்டைல் ஏறிய முதல் நாளே 92 கேட்காதீர்கள். கை பழக மூன்று நாலு நாளாவது ஆகும். அதுவரை போர்டில் தனி எண் எழுதுங்கள்.