தண்ணி காட்டுகிறார்கள்! – கேள்வி பதில்

கேள்வி: போர் 850 அடி. மேல்தொட்டிக்குப் போகும் லைனில் சாஃப்ட்னர் போட்டோம். டி.டி.எஸ். மீட்டரில் முன்பும் 1,400, இப்போதும் 1,400. ஏமாந்துவிட்டோமா?
– சூலூர் வாசகர்

பதில்: இல்லை. மீட்டர்தான் உங்களைக் குழப்புகிறது. அதற்குத் தெரிந்தது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பது மட்டும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. பருப்பை வேகவிடாமல், சோப்பை நுரைக்கவிடாமல் செய்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சாஃப்ட்னர் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. ஆள் மாறுகிறார்களே தவிரக் கூட்டம் குறைவதில்லை. குளிக்கும்போது சோப்பு நுரைக்கிறதா? அப்படியென்றால் மிஷின் வேலை செய்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்ளாதீர்கள், அதிலும் ரத்த அழுத்தக்காரர்கள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் சாஃப்ட்னர் ஐந்து மாதம் நன்றாக வேலை செய்தது. இப்போது குழாயெல்லாம் மறுபடி வெள்ளை பூக்கிறது. கம்பெனி மேல் கேஸ் போடலாமா?
– பல்லடம் வாசகர்

பதில்: அந்த ஐந்து மாதத்தில், பிடித்துவைத்த கால்சியத்தைக் கழுவிவிட எத்தனை முறை மிஷினுக்கு உப்புப் போட்டீர்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, தனியாக இருக்கிறார். இலவசப் பரிசோதனை என்று வந்த இரண்டு பேர், வீட்டுச் சிறுவாணித் தண்ணீரில் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்தார்களாம். ஒரு நிமிடத்தில் சேறு மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. பயந்துபோய் 28,000 ரூபாய்க்கு ஆர்.ஓ. என்கிற உப்பு நீக்கும் மிஷினை வாங்கிவிட்டார்.
– வடவள்ளி வாசகி

பதில்: முதலில் அம்மாவைத் திட்டாதீர்கள். படித்தவர்களே அந்த டம்ளரைப் பார்த்து ஆடிப்போகிறார்கள்.

இந்த வித்தையைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்த அழுக்கு இல்லை. அது அவர்கள் விட்ட இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் உப்புகள் இருந்தால் கரண்ட் ஓடும், கரண்ட் ஓடினால் கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் கரண்ட் ஓடுவதில்லை, அதனால் துருவும் இல்லை. பொள்ளாச்சி இளநீரில் அதே கம்பியை விட்டாலும் கலங்கத்தான் செய்யும். இளநீர் அழுக்கா? இனி யாராவது அந்தப் பெட்டியோடு வந்தால், அவர்களுடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, "இப்ப விடுங்க பார்க்கலாம்" என்று சொல்லச் சொல்லுங்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

சிறுவாணி உப்பு குறைவான மலைத் தண்ணீர், அதற்கு ஆர்.ஓ. எதற்கு? சந்தேகம் இருந்தால் காய்ச்சிக் குடித்தால் போதும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு கரைந்திருக்கும் இடங்களில் வீட்டு ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இலேயே மத்திய அரசுக்குச் சொல்லிவிட்டது. ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடம் சாக்கடைக்குப் போகிறதே, அதுவும் ஒரு காரணம்.

பில் இருக்கிறதல்லவா? பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பைப்பில் மாட்டினால் உப்புப் படியாது என்று காந்த வளையம் விற்கிறார்கள். வாங்கலாமா?
– துடியலூர் வாசகர்

பதில்: கண்காட்சி ஒன்றில் 4,800 ரூபாய் கொடுத்து நானும் வாங்கினேன். விற்றவர் பேச்சு அப்படி. மாட்டிய பிறகு மூன்று வருடத்தில் இரண்டு கீசர் காயில் போயிற்று. இரண்டையும் கழற்றிப் பார்த்தபோது சுண்ணாம்புக் கட்டிக்குள் புதைந்து கிடந்தன. வளையத்தைக் கழற்றிவிட்டேன். பேத்தி அதை வைத்து வாசலில் ஆணி பொறுக்குகிறாள்.

கேள்வி: குழாயில் படியும் வெள்ளைக்கு ஆசிட் ஊற்றலாமா?
– சரவணம்பட்டி வாசகி

பதில்: வேண்டாம், குழாயின் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். துணியில் வினிகரை நனைத்து அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். பிழிந்த எலுமிச்சைத் தோலும் போதும்.

கேள்வி: "நல்ல தண்ணி வசதி" என்ற நோட்டீஸை நம்பி சைட் வாங்கினோம். பத்திரமும் முடிந்துவிட்டது. போர் போட்டால் வாயில் வைக்க முடியாத உப்பு. இப்போது என்ன செய்வது?
– காங்கேயம் வாசகர்

பதில்: மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர்க்காரர் நீங்கள். பக்கத்து வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்க்கக்கூடவா தோன்றவில்லை?

சரி, ஆனது ஆகிவிட்டது. நோட்டீஸ் கையில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், விற்றவரிடம் கேட்க அது ஒன்றுதான் பிடி. அப்புறம், மிஷின் விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கொடுங்கள். ரிப்போர்ட்டில் கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதைப் பாருங்கள். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் காய்ச்சினாலும் போகாது. சாஃப்ட்னரும் அதற்கு உதவாது. குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் ஆர்.ஓ. வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் அது தேவைப்படும், வடவள்ளி அம்மாவுக்கு இல்லை.

கேள்வி: இருபது லிட்டர் கேன், மூடியில் சீல் இல்லை, ஆனால் பத்து ரூபாய் குறைவு. வாங்கலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: செடிக்கு ஊற்றவா?