தலைப்புப் பட்டை ஏன் இரண்டு?

கேள்வி: குபுண்டு லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், திரை 1366 × 768 தான். ஃபயர்பாக்ஸில் டேப் வரிசைக்கு மேலே இன்னொரு பட்டை உட்கார்ந்துகொண்டு, டேப்பில் இருக்கும் அதே தலைப்பையே மறுபடி காட்டுகிறது. எடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஜன்னலின் மேல்பட்டையை டெஸ்க்டாப் வரைகிறது, டேப் வரிசையை ஃபயர்பாக்ஸ் வரைகிறது, அதனால்தான் ஒரே தலைப்பு இரண்டு முறை. டூல்பாரில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'கஸ்டமைஸ் டூல்பார்' போங்கள், கீழே இடது மூலையில் 'டைட்டில் பார்' என்று இருக்கும், அந்த டிக்கை எடுத்தால் போதும். மூடும் பட்டன்கள் டேப் வரிசைக்கே வந்துவிடும். குரோமில் இன்னும் சுலபம்: டேப்களுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் ரைட் கிளிக், 'யூஸ் சிஸ்டம் டைட்டில் பார் அண்ட் பார்டர்ஸ்' டிக்கை எடுங்கள்.

இப்படி வசதி தராத மென்பொருள்களும் உண்டு. அங்கே குபுண்டுவின் டெஸ்க்டாப்பான கேடிஇ கைகொடுக்கும். பட்டையில் ரைட் கிளிக் செய்து 'மோர் ஆக்‌ஷன்ஸ்' உள்ளே போனால் 'நோ டைட்டில்பார் அண்ட் ஃப்ரேம்' இருக்கிறது. ஆனால் அதை அழுத்துமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பட்டை போனதும் ரைட் கிளிக் செய்யவே இடம் இருக்காது, மூடும் பட்டனும் இருக்காது. ஆல்ட் + எஃப்3 அழுத்தினால் அதே மெனு வரும், அங்கே டிக்கை எடுத்தால் பட்டை திரும்பிவிடும். மூடுவதற்கு வழக்கம்போல ஆல்ட் + எஃப்4. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் ஜன்னலுக்கு இது அருமை, அடிக்கடி இழுத்து நகர்த்தும் ஜன்னல்களுக்கு நான் செய்ய மாட்டேன்.