திறமைசாலிகள் கூடியும் முடிவு தவறுவது ஏன்?

கேள்வி: எங்கள் வடிவமைப்புக் குழுவினர் தனியே பேசும்போது சொல்லும் ஐயங்களைக் கூட்டத்தில் எழுப்புவதில்லை. கணக்குகள் சரியாக இருக்கும்போது இது பெரிய குறையா?

பதில்: பெரிய குறைதான். 1986 ஜனவரி 27 அன்று, சேலஞ்சர் விண்ணோடம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, நாசா அதிகாரிகளும் அதன் உந்துகலத்தை (ஓடத்தை மேலே உந்தும் ராக்கெட்டை) தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தாரும் தொலைபேசியில் கலந்து பேசினர். கடுங்குளிரில் உந்துகல இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் விறைத்துப் போய் வெப்ப வாயு கசியக்கூடும் என்று ரோஜர் பாய்ஜலி உள்ளிட்ட அந்நிறுவனப் பொறியாளர்கள் எச்சரித்தனர். ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை. நாசா தரப்பு அதிருப்தி தெரிவித்ததும் நிறுவனத்தார் தனியே கூடினர். அங்கே மூத்த அதிகாரி ஒருவர், பொறியியல் துணைத்தலைவரை ஒரு நிர்வாகியாக நின்று முடிவெடுக்கச் சொல்ல, பரிந்துரை தலைகீழாக மாறியது. மறுநாள் 73ஆவது விநாடியில் ஓடம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர்.

ஏவுவது பாதுகாப்பானது என்று நிறுவுவதே வழக்கமான நடைமுறை. அன்றிரவோ ஆபத்தானது என்று நிறுவும் பொறுப்பு ஐயம் எழுப்பியவர்கள் தலையில் விழுந்தது. அதோடு, முந்தைய பயணங்களில் வளையங்கள் பழுதானவற்றை மட்டுமே வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள். பழுதில்லாத பயணங்கள் அனைத்தும் சுமார் 19 டிகிரியிலோ அதற்கு மேலோ நிகழ்ந்தவை. அவற்றையும் சேர்த்திருந்தால் குளிரின் பங்கு பளிச்செனத் தெரிந்திருக்கும். கணக்குப் பிழையை விட, எதைக் கணக்கில் சேர்ப்பது என்ற பார்வையின் பிழையையே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

உங்கள் கூட்டத்தில், மூத்தவர் கருத்துச் சொல்லும் முன்பே ஒவ்வொருவரும் தம் ஐயத்தை எழுதித் தரட்டும். இளையவர் முதலில் பேசட்டும்.